சமூகப்பணி மாணவர்களுக்குக் குழுப்பணித் திறன்களைக் கற்பிப்பது எப்படி? முதல் வகுப்பு முதல் களத்தின் கடைசி அமர்வு வரை

குழுப்பணித் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவர்கூடக் களத்தில் எட்டுப் பேர் நடுவே உட்கார்ந்ததும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். வகுப்பு எடுக்கத் தொடங்குகிறார். இல்லையென்றால் வலப்பக்கம் இருப்பவரில் ஆரம்பித்து ஒவ்வொருவரிடமாகக் கேள்வி கேட்டுக்கொண்டு போகிறார். பார்க்க வேறுவேறாகத் தெரிந்தாலும் கோளாறு ஒன்றுதான்: பேச்சு எல்லாம் குழுவை நடத்தும் பணியாளர் வழியாகவே போய் வருகிறது. உறுப்பினர்கள் ஒருவரிடம் ஒருவர் பேசி, ஒருவருக்கு ஒருவர் உதவ வழிவிட்டால்தான் அது குழுப்பணி. கீழே உள்ள வரிசை முழுவதும் அந்தப் பழைய பழக்கத்தை உடைப்பதற்காக அமைந்தது.

14 வாரப் பருவம், வாரம் ஒரு முறை இரண்டரை மணி நேரம், 24 மாணவர்கள் என்ற கணக்கில் எழுதியிருக்கிறோம். அளவுகளைக் கூட்டிக் குறைக்கலாம். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் நேரம். 50 நிமிடப் பாடவேளையில் இந்தப் பயிற்சி நடக்காது. ஒரு பாத்திர நடிப்புக்கு 12 நிமிடம், அதைப் பற்றிப் பேச 25 நிமிடம், நாற்காலி போட்டு உட்காரச் சில நிமிடம் என்று வைத்தாலே மணி அடித்துவிடும். பருவம் தொடங்கும் முன்பே கால அட்டவணை போடுபவரிடம் பேசி, பாடவேளைகளைச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அறையில் நகர்த்தக்கூடிய நாற்காலிகள் வேண்டும், நடுவில் மேசை கூடாது. மேசை பாதி உடலை மறைத்துவிடும். ஆடும் கால், வாசல் பக்கம் திரும்பிய முழங்கால், பிசையும் கை இவையெல்லாம் பணியாளருக்குக் கிடைக்கும் தகவல்கள்.

வகுப்பை எட்டெட்டுப் பேராக மூன்று பயிற்சிக் குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இருவர் பணியாளர்கள், ஐவர் உறுப்பினர்கள், ஒருவர் பார்வையாளர். ஒருவர் வராவிட்டாலும் குழு நடக்கும். எட்டுக்கு மேல் போனால் பேசாதவர் எளிதில் ஒளிந்துகொள்வார். நண்பர்களாகச் சேர்ந்து உட்கார விடாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பிரித்துவிடுங்கள். பருவம் முடியும்வரை அதே குழுக்களே தொடர வேண்டும். வாரம்தோறும் கலைத்துப் போட்டால் அந்த எட்டுப் பேருக்குள் உண்மையான உறவோ உரசலோ உருவாகாது; கற்க வேண்டிய விஷயமே அதுதான்.

ஒலி, ஒளிப்பதிவு செய்வதாக இருந்தால் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பதிவை யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்பதும் அதில் இருக்கட்டும்.

இன்னொரு விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: பயிற்சிக் குழுவில் யாரும் தன் சொந்த வாழ்க்கைப் பிரச்சினையைக் கொண்டுவர வேண்டியதில்லை. மதிப்பெண் போடும் ஆசிரியர் முன்னால் மாணவர் மனம் திறப்பது முழுச் சுதந்திரத்தோடு செய்த தேர்வு ஆகாது. கேட்டவர்கள் எல்லாரும் நாளைக்கும் பக்கத்தில் உட்காரப் போகிறவர்கள். 'உண்மையாகப் பகிர்ந்தால்தான் கற்றல் ஆழமாகும்' என்று வற்புறுத்தும் ஆசிரியர்கள் உண்டு. அது தவறு.

கடைசியாக, களப்பணி மேற்பார்வையாளர்களுக்கு ஒரு பக்கக் கடிதம். 6 முதல் 10 உறுப்பினர்கள், அதே ஆட்கள், அதே நாள், அதே இடம், 8 வாரம். இது கிடைக்குமா என்று கேளுங்கள். இப்படிக் கேட்காவிட்டால் அன்றைக்கு வந்திருக்கும் முப்பது பேரை உட்காரவைத்து 'குழு தயார்' என்று சொல்லிவிடுவார்கள். அது விழிப்புணர்வுக் கூட்டம். அதில் குழுப்பணித் திறனைப் பழக முடியாது.

2. வாரம் 1, 2: தலையிடும் முன் பார்க்கப் பழக்குதல்

பெரும்பாலான பாடத்திட்டங்கள் வரையறை, கோட்பாடு, கட்டங்கள் என்று தொடங்குகின்றன. திறன் வகுப்பைப் பார்வையில் தொடங்குங்கள். குழுவில் என்ன நடக்கிறது என்று காணாதவருக்கு எதில் தலையிடுவது என்று தெரியாது.

எட்டுப் பேர் உள்வட்டத்தில் உட்காரட்டும், மற்ற 16 பேர் வெளிவட்டத்தில். உள்வட்டத்துக்கு 15 நிமிடத்தில் முடிக்கும்படி ஓர் உண்மையான வேலை கொடுங்கள்: நம் பயிற்சிக் குழுக்களுக்கான மூன்று விதிகளை முடிவு செய்யுங்கள். முடிவு உண்மையிலேயே நடைமுறைக்கு வரும் என்றால்தான் அக்கறையோடு வாதாடுவார்கள். 'நிலவில் மாட்டிக்கொண்டால் எதை எடுத்துப்போவீர்கள்' போன்ற புதிர் கொடுத்தால் விளையாட்டாகவே முடியும்.

வெளிவட்டத்தை நான்கு நான்காகப் பிரித்து வேறுவேறு வேலை கொடுங்கள்.

முதல் நால்வர் பேச்சு வரைபடம் போடுவார்கள். தாளில் எட்டு வட்டங்கள். ஒருவர் இன்னொருவரைப் பார்த்துப் பேசும் ஒவ்வொரு முறையும் ஒரு அம்பு. எல்லாருக்கும் பொதுவாகப் பேசினால் அம்பு நடுவுக்கு. குறுக்கிட்டால் அம்பின் மேல் ஒரு பெருக்கல் குறி. இரண்டாம் நால்வர் உடல் மொழியைக் குறிப்பார்கள். மூன்றாம் நால்வர் பேசப்பட்ட விஷயத்தை மட்டும் எழுதுவார்கள். நான்காம் நால்வருக்குத்தான் சுவையான வேலை: ஒவ்வொரு யோசனையும் என்ன ஆனது என்று பின்தொடர்வது. ஒருவர் சொல்லி யாரும் கண்டுகொள்ளாத யோசனையை ஐந்து நிமிடம் கழித்து இன்னொருவர் சொல்ல எல்லாரும் தலையாட்டுவார்கள். முதலில் சொன்னவர் அதற்குப் பிறகு பேசினாரா? இந்த ஒரு கேள்விக்கே அரை மணி நேரம் ஓடும்.

பேச்சு வரைபடத்தையும் சோஷியோகிராமையும் மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள். மனநல மருத்துவர் மொரீனோ உருவாக்கிய சோஷியோகிராம், யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைக் காட்டும். இது யார் யாரிடம் பேசினார் என்பதை மட்டும் காட்டும். அம்பு நிறைய இருப்பதால் நெருக்கம் என்று முடிவு கட்டக் கூடாது. சண்டையிலும் அம்பு நிறைய விழும்.

இந்த இரண்டு வாரமும் ஒரே ஒரு தடை: விளக்கச் சொற்களுக்கு அனுமதி இல்லை. 'அவர் ஆதிக்கம் செலுத்தினார்' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'அவர் 11 முறை பேசினார், அதில் 4 முறை குறுக்கிட்டார்' என்றால் ஏற்கலாம். இந்தக் கண்டிப்பின் பயன் ஏழாவது வாரத்தில் தெரியும்.

3. வாரம் 3: நோக்கமும் முன்தயாரிப்பும்

களத்தில் தடுமாறும் குழுக்களைப் பின்னோக்கிப் பார்த்தால் முதல் அமர்வுக்கு முன்பே பழுது இருக்கும். மாணவர் எழுதும் நோக்கம் பெரும்பாலும் 'வளரிளம் பருவத்தினரின் ஆளுமை மேம்பாடு' என்கிற பாணியில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு அமர்வைக்கூடத் திட்டமிட முடியாது.

ஒரே வாக்கியத்தில், 20 சொற்களுக்குள், உறுப்பினர் தன் வாயால் சொல்லக்கூடிய மொழியில் எழுதச் சொல்லுங்கள். உதாரணமாக: 'நடுவில் படிப்பை விட்டு மறுபடி சேர்ந்த நாங்கள், வகுப்பில் வரும் சங்கடங்களைச் சொல்லி ஒருவருக்கொருவர் வழி காண்பதற்காகக் கூடுகிறோம்.' இதை மூன்று கேள்விகளால் சோதியுங்கள். உறுப்பினரிடம் வாசித்துக் காட்டினால் புரியுமா? அவர்கள் ஒருவரோடு ஒருவர் என்ன செய்வார்கள் என்று சொல்கிறதா? இந்தக் குழுவில் யார் சேர முடியாது என்று அதிலிருந்து தெரிகிறதா? மூன்றாவதில்தான் முக்கால்வாசி நோக்கங்கள் விழும்.

அடுத்தது சேர்க்கை. பிரச்சினையில் ஒற்றுமை இருக்க வேண்டும், அதைச் சமாளிக்கும் விதத்தில் வேறுபாடு இருக்க வேண்டும். எல்லாரும் ஒரே மாதிரி சமாளித்துக்கொண்டிருந்தால் ஒருவருக்கொருவர் கொடுக்க எதுவும் இருக்காது. கூடவே, பால், வயது, இயலாமை போன்ற முக்கியமான ஒரு விஷயத்தில் ஒரே ஒருவர் மட்டும் தனித்து நிற்கும்படி குழு அமைக்கக் கூடாது. அந்த ஒருவர் தன் வகைக்கே பிரதிநிதி ஆக்கப்படுவார், அல்லது விரைவில் நின்றுவிடுவார்.

ஒவ்வொரு உறுப்பினரையும் முன்கூட்டித் தனியாக 15 நிமிடம் சந்திக்கப் பழக்குங்கள். உங்களுக்கு இதில் என்ன வேண்டும், குழுவில் எது நடந்தால் எழுந்து போய்விடத் தோன்றும், அந்த நாள் அந்த நேரம் வர முடியுமா: மூன்று கேள்வி போதும். நேரமில்லை என்று மாணவர்கள் முதலில் வெட்டுவது இந்தச் சந்திப்பைத்தான். இரண்டாம் அமர்வில் ஆட்கள் குறைவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பிறகு தொடக்க உரை. மனப்பாடமாக, தாளைப் பார்க்காமல், 90 விநாடிக்குள். நாங்கள் யார், எதற்குக் கூடியிருக்கிறோம், என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம், ரகசியம் எதுவரை, பிறகு ஓர் அழைப்பு. கடிகாரம் வைத்து ஒவ்வொருவரையும் சொல்லவையுங்கள். இரண்டு நிமிடம் தாண்டினால் அது வகுப்பு ஆகிவிடுகிறது, உறுப்பினர்களும் கேட்டுக்கொண்டிருப்பதுதான் தங்கள் வேலை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ரகசியத்தில் எல்லாருமே ஒரு தவறு செய்வார்கள்: "இங்க பேசுறது எதுவும் வெளிய போகாது." இதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. பணியாளர் தன் வாய்க்கு மட்டுமே பொறுப்பேற்க முடியும். மற்ற உறுப்பினர்கள் வெளியே சொல்லாமல் இருப்பது ஒரு உடன்பாடு, உத்தரவாதம் அல்ல. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு என்று வந்தால் பணியாளரே வெளியே சொல்லியாக வேண்டும். சரியான வாக்கியம் இப்படி இருக்கும்: "நாங்க ரெண்டு பேரும் வெளிய சொல்ல மாட்டோம். யாரோட உயிருக்காவது, ஒரு குழந்தைக்காவது ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் சொல்லித்தான் ஆகணும், அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்யப் பார்ப்போம். நீங்க ஒருத்தர் விஷயத்தை ஒருத்தர் எப்படிக் காப்பாத்தப் போறீங்கன்னு இப்ப பேசிக்கலாம்."

4. வாரம் 4 முதல் 7 வரை: எட்டுத் திறன்கள், வாரம் இரண்டு

ஒரு சுற்று ஐந்து நிமிடம். அந்தச் சுற்றில் ஒரே ஒரு திறனை மட்டும் பயன்படுத்த வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால் மாணவர் தனக்கு ஏற்கெனவே வருவதை மட்டுமே செய்வார். அது கேள்வி கேட்பது. வாரத்துக்கு ஒரு இணை என்று நான்கு வாரத்தில் எட்டுப் பேரும் ஒரு முறை பணியாளராகிவிடுவார்கள்.

கண்ணோட்டம், அதாவது எல்லா முகங்களிலும் கண்ணை ஓடவிடுவது. புதியவர் பேசுபவரையே பார்த்துக்கொண்டிருப்பார். தனிநபர் பணியில் அப்படித்தான் கற்றிருப்பார். குழுவில் அது நேர் எதிரான விளைவைத் தரும்: பேசுபவர் தன்னைப் பார்க்கும் ஒரே ஆளிடம், அதாவது பணியாளரிடம் மட்டும் பேசுவார். பணியாளரின் கண் மற்றவர்கள் பக்கம் போனால் பேசுபவரும் வேறு முகங்களைத் தேடத் தொடங்குவார். நிமிடத்துக்கு ஒரு முறையாவது எல்லா முகத்தையும் தொட்டாரா என்று பார்வையாளர் குறிக்கட்டும். மின்விசிறி மாதிரி ஒரே சீராகத் தலையைத் திருப்புவது இதில் வரும் வழக்கமான பிழை. சொன்னதைக் கேட்டு யார் முகம் மாறுகிறது என்று தேடினால் தலை தானாகச் சரியாகத் திரும்பும்.

திருப்பிக் கொடுத்தல். தன்னிடம் வந்த கேள்வியைக் குழுவிடம் கொடுப்பது. அமர்வு எத்தனை மணிக்கு முடியும் போன்ற தகவல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிட வேண்டும். அதையும் திருப்பினால் எரிச்சல்தான் வரும். "மத்தவங்க என்ன நினைக்கிறீங்க?" என்பது பலவீனமான வடிவம், எல்லாரையும் கேட்டது யாரையும் கேட்காததற்குச் சமம். "அவங்க கேட்டப்ப நீங்க சிரிச்சீங்களே" என்று முகம் மாறிய ஒருவரிடம் கொடுக்க வேண்டும். கண்ணோட்டத்தை முதலில் பழக்குவதற்குக் காரணமே இதுதான்.

இணைத்தல். எட்டில் ஒன்றை மட்டும் கற்பிக்க நேரம் இருந்தால் இதைக் கற்பியுங்கள். ஒருவர் சொன்னதையும் இன்னொருவர் சொன்னதையும் பணியாளர் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்.

பயிற்சிக்கு ஐந்து அட்டைகள் எழுதுங்கள், மேலே வேறுவேறு கதை, அடியில் ஒரே உணர்வு. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் குழு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இரவுத் தூக்கம் இல்லை என்கிறார். இன்னொருவர், நண்பர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்கிறார். மூன்றாமவர், உடன்பிறந்தவர் பணம் அனுப்புகிறார், எட்டிப் பார்ப்பதில்லை என்கிறார். நான்காமவர் மருந்துச் செலவைப் பற்றியே பேசுகிறார். ஐந்தாமவர் 'எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை' என்கிறார். அடியில் ஓடுவது, 'இதை நான் ஒற்றை ஆளாகச் சுமக்கிறேன்.' ஐந்து நிமிடத்துக்குள் ஏதாவது இருவரை இணைக்க வேண்டும்.

பெரும்பாலோர் இணைத்த கையோடு விளக்கவும் தொடங்குவார்கள்: "நீங்க ரெண்டு பேருமே தனிமையை உணர்றீங்க, ஏன்னா பராமரிப்பாளர்களுக்கு…" அத்துடன் பேச்சு செத்துவிடும். பாதியில் நிறுத்தப் பழக்குங்கள்: "அவர் தூங்காத ராத்திரியைச் சொன்னப்ப நீங்க அவரையே பார்த்துட்டு இருந்தீங்க." நிறுத்து. மீதியை அவர்கள் பேச வேண்டும்.

மௌனத்தைத் தாங்குதல். மேலே சொன்ன 'நிறுத்து' பலருக்கு முடியாமல் போவது இதனால்தான். கைக்கடிகாரத்தை வைத்து 10, 20, 30 விநாடி மௌனமாக உட்காரவையுங்கள். பிறகு வகை பிரிக்கக் கற்றுக்கொடுங்கள். கண்கள் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் யோசிக்கிறார்கள், விடுங்கள். எல்லாரும் பணியாளரையே பார்த்தால் கேள்வி புரியவில்லை. எளிமையாக மறுபடி கேளுங்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தால் வெளியே ஏதோ பேசியிருக்கிறார்கள். கனமான ஒன்றை ஒருவர் சொல்லி முடித்த பின் வரும் மௌனத்தில் அவரை மட்டும் தனியே விட்டுவிடக் கூடாது; "அவங்க சொன்னதைக் கேட்டுட்டு எல்லாரும் அமைதியாயிட்டோம்" என்ற அளவாவது சொல்ல வேண்டும்.

அழைத்தல். "நீங்க ஏன் பேசவே மாட்டேங்கிறீங்க?" என்பது குற்றச்சாட்டு. நுழைய ஒரு வாசலும் வெளியேற ஒரு வாசலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்: "உங்களுக்கும் இது மாதிரி நடந்திருக்கான்னு தோணிச்சு. இப்ப சொல்லணும்னு இல்ல."

நிறுத்திப் பிடித்தல். அதிகம் பேசுபவரிடம் "மத்தவங்களுக்கும் வாய்ப்புக் கொடுங்க" என்று மாணவர்கள் சொல்வார்கள். அவர் அவமானப்பட்டு மௌனமாவார், மற்றவர்கள் அடுத்தது நானோ என்று பயப்படுவார்கள். அவர் சொன்னதில் ஒன்றைப் பிடித்து நகர்த்துங்கள்: "மூணு விஷயம் சொன்னீங்க. அந்த முதல் விஷயம், மகன்கிட்ட கோபப்பட்டுட்டு அப்புறம் வருத்தப்படுறது. அது இங்க வேற யாருக்கு நடக்குது?" ஒருவர் ஓயாமல் பேசுவதில் மற்றவர்களுக்கும் ஆதாயம் உண்டு என்பதையும் மாணவர்களைக் கவனிக்கவையுங்கள். அவர் பேசும்வரை தாங்கள் வாய் திறக்க வேண்டியதில்லையே.

நடப்பதைச் சொல்லுதல். "கொஞ்ச நேரமா எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் பேசுறீங்க." அவ்வளவுதான். கண்டதைச் சொல்லி நிறுத்த வேண்டும், காரணம் கற்பிக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் விளக்கச் சொற்களைத் தடுத்தது இதற்காகத்தான். அந்தப் பழக்கம் இல்லாதவர் "நீங்க எல்லாரும் என்னை நம்பல போல" என்று தன் பயத்தைக் குழுவின் மேல் ஏற்றிவிடுவார்.

வேலைக்குத் திரும்பக் கேட்டல். "பத்து நிமிஷமா சிரிச்சுப் பேசிட்டு இருக்கோம். போன வாரம் விட்ட இடத்தைத் தொடவே இல்ல. தொடுறது கஷ்டமா இருக்கா?" இதைக் கடைசியாக வைப்பதற்குக் காரணம், மற்ற ஏழும் கைவராதவர் சொன்னால் இது அதட்டலாகத்தான் கேட்கும்.

5. பாத்திர நடிப்பை நடத்தும் முறை

அட்டையில் மூன்று வரி போதும்: நிலைமை என்ன, இன்றைக்கு என்ன வேண்டும், எதை மறைக்கிறார். 'கோபக்காரர்', 'பிடிவாதக்காரர்' என்று குணம் எழுதினால் மாணவர் மேடை நாடகமே போட்டுவிடுவார். ஒரு சுற்றில் ஒரு அட்டை மட்டுமே கடினமானதாக இருக்கட்டும். ஐந்து பேரும் முரண்டு பிடிக்கும் குழு எந்தத் திறனையும் கற்றுத்தராது. களத்துக்குப் போகவே பயத்தை உண்டாக்கும்.

பணியாளராக இருப்பவர் கையை உயர்த்தி 'நிறுத்தம்' கேட்கலாம், இணைப் பணியாளரோடு அரை நிமிடம் பேசலாம், பிறகு கடைசி வாக்கியத்திலிருந்து தொடரலாம். இந்த உரிமை இருந்தால் துணிந்து புதியதை முயல்வார்கள்.

12 நிமிடம் நடித்த பின், சறுக்கிய இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்து மறுபடி நடிக்கவையுங்கள். நேரம் போதாத நாளில் ஆசிரியர்கள் முதலில் கைவிடுவது இந்த மறுநடிப்பை. கலந்துரையாடலைக் குறைத்தாவது இதை வைத்துக்கொள்ள வேண்டும், 'அப்படிச் சொல்லியிருக்கலாம்' என்பது வாயில் பழகாதவரை களத்தில் வராது.

முடிந்ததும் பாத்திரத்திலிருந்து வெளியே வர வேண்டும்: வேறு நாற்காலிக்கு மாறி, தன் பெயரைச் சொல்லி, பாத்திரத்துக்கும் தனக்கும் உள்ள ஒரு வேறுபாட்டைச் சொல்வது. கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். செய்யாவிட்டால் நடிப்பில் வந்த கோபம் உணவு இடைவேளைவரை கூடவே போகும். யாருக்காவது உண்மையிலேயே கண்ணீர் வந்தால் அந்தச் சுற்றை நிறுத்திவிடுங்கள். வகுப்பில் அதைத் தோண்ட வேண்டாம். தனியாகப் பேசி, தேவையென்றால் ஆலோசகரிடம் அனுப்புங்கள்.

6. பின்னூட்டத்தின் வரிசை

முதலில் பணியாளராக இருந்தவர் பேசுவார்: எந்த இடத்தில் என்ன செய்ய நினைத்தேன். அடுத்து உறுப்பினர்கள், பாத்திரமாகவே: 'நீங்கள் அதைச் சொன்னபோது எனக்கு இப்படி இருந்தது.' மூன்றாவது பார்வையாளரின் எண்ணிக்கைகள். கடைசியில் ஆசிரியர். ஆசிரியர் முதலில் பேசினால் மற்ற மூவரும் அவர் சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

'நன்றாக இருந்தது' என்பதை ஏற்காதீர்கள். எந்த வாக்கியம், அதற்குப் பிறகு யார் பேசினார், யார் அடங்கினார் என்று கேளுங்கள்.

7. வாரம் 8: மோதல்

களக் குழுக்கள் ஆறாவது வாரத்தில் தொடங்கினால் உரசல் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் அமர்வில் தலைகாட்டும். அதாவது எட்டாம், ஒன்பதாம் வாரம். பாடம் அதற்குப் பிந்தினால் பயனில்லை.

குழு வளர்ச்சிக் கட்டங்களை இங்கே சேர்த்துச் சொல்லுங்கள், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. உளவியலாளர் டக்மன் 1965-இல் சொன்ன நான்கு கட்டங்களும் (உருவாதல், மோதல், நெறிப்படல், செயல்படல்) 1977-இல் சேர்த்த ஐந்தாவதும் (கலைதல்), அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்து எடுத்தவை. ஆட்கள் வந்து போகும் திறந்த குழுக்கள் அந்த வரிசையில் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'என் குழு இன்னும் இரண்டாம் கட்டத்துக்கு வரவில்லை' என்று பதறுபவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

மோதல் வந்ததும் மாணவர்கள் செய்வது சமாதானம்: "சரி விடுங்க, ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்." அந்த வாக்கியத்துக்குத் தடை போட்டு நடிக்கவையுங்கள். ஒருவர் இன்னொருவரிடம் "நீங்க எப்பவும் லேட்டாத்தான் வர்றீங்க" என்று தொடங்கட்டும். பணியாளர் செய்ய வேண்டியது மூன்று: வேகத்தைக் குறைப்பது, ஒருவர் சொன்னதை மற்றவர் தன் வார்த்தையில் சொன்ன பின்பே பதில் சொல்லவைப்பது, வேடிக்கை பார்க்கும் மற்றவர்களை உள்ளே இழுப்பது. மூன்றாவதைத்தான் மறப்பார்கள். மறந்தால் அது இருவர் வழக்கும் பணியாளர் தீர்ப்புமாகிவிடும்.

கோபம் பணியாளர் மேலேயே திரும்பும் சுற்று ஒன்றும் கட்டாயம் வேண்டும்: "நீங்க படிக்கிற பசங்க, உங்களுக்கு என்ன தெரியும்?" தன் தகுதியைச் சொல்லத் தொடங்குபவர் தோற்றுவிடுவார். "எங்களுக்கு இந்த அனுபவம் இல்லங்கிறது உண்மை. உங்களுக்குள்ளதான் அது இருக்கு" என்று ஒப்புக்கொண்டு குழுவிடம் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள்.

8. வாரம் 9: செயல்பாடுகள்

சுருக்கமாகச் சொன்னால், விளையாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு நோக்கத்தைத் தேட விடாதீர்கள். எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் நான்கு வரி கேளுங்கள்: எதற்காக, ஏன் இந்த அமர்வில், எழுதப் படிக்கத் தெரியாதவரோ நடக்க முடியாதவரோ எப்படிப் பங்கெடுப்பார், முடிந்ததும் கேட்கப்போகும் இரண்டு கேள்விகள் என்ன. 60 நிமிட அமர்வில் செயல்பாடு 20 நிமிடத்தைத் தாண்டினால் பேச நேரம் இருக்காது. ஒருவரை ஒருவர் தொடவேண்டிய விளையாட்டுகளை முதல் அமர்வில் வைக்கக் கூடாது.

9. களத்தில்: இணைப் பணியும் பதிவும்

இருவராக நடத்தும்போது, ஒருவர் பேச்சின் உள்ளடக்கத்தையும் மற்றவர் முகங்களையும் கவனிப்பதாகப் பிரித்துக்கொள்ளட்டும். இருவரும் அருகருகே உட்காராமல் வட்டத்தில் எதிரெதிராக உட்கார வேண்டும். ஒருவரை ஒருவர் பார்த்துச் சைகை செய்யலாம், மேடை போல ஒரு பக்கமும் உருவாகாது. அமர்வுக்கு முன் 15 நிமிடம், பின் 20 நிமிடம் இருவரும் பேசியாக வேண்டும். 'நீ பாதியில் வெட்டினாய்' என்பது அன்றே சொல்லப்படாவிட்டால் நான்காம் அமர்வில் உறுப்பினர்கள் முன்னாலேயே வெளிவரும்.

பதிவை அன்றிரவே எழுத வேண்டும். முழு அமர்வையும் எழுதச் சொன்னால் 'உறுப்பினர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்' என்ற அறிக்கைதான் வரும். ஏதாவது ஐந்து நிமிடத்தை மட்டும், மூன்று பத்திகளாகக் கேளுங்கள்: பேசிய வார்த்தைகள், அப்போது எனக்குள் ஓடியது, இப்போது என்ன சொல்வேன். நடுப்பத்தியை வெறுமையாக விடுபவர்களோடு மேற்பார்வையில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். பதிவில் உறுப்பினர்களின் உண்மைப் பெயர் வரக் கூடாது.

10. வாரம் 10: முடித்தலை முன்கூட்டியே கற்பித்தல்

ஆறாம் வாரம் தொடங்கிய எட்டு அமர்வுக் குழு பதின்மூன்றாம் வாரம் முடியும். முடித்தலைப் பாடத்திட்டத்தின் கடைசி அலகாக வைத்தால், மாணவர் அதைப் படிக்கும்போது குழு கலைந்திருக்கும். ஆறாம் அமர்விலேயே, "இன்னும் ரெண்டு தடவைதான் கூடுவோம்" என்று சொல்லவைக்க வேண்டும். சொன்னதும் சிலர் வராமல் போவார்கள், சிலர் பழைய பிரச்சினையைப் புதிதாகக் கிளப்புவார்கள், 'நீங்க போயிட்டா என்ன பண்றது' என்பார்கள். இதைத் தோல்வி என்று மாணவர் எடுத்துக்கொள்ளாமலிருக்க முன்பே சொல்லிவையுங்கள்.

கடைசி அமர்வை விழாவாக்கிப் புகைப்படம் எடுத்துக் கலைவது எளிய தப்பித்தல். விழா இருக்கட்டும், அதற்கு முன் 40 நிமிடம் வேலை: இங்கே எது உதவியது, இந்த அறையில் யாரிடமிருந்து என்ன கிடைத்தது, அடுத்த வாரம் இதே நேரம் கஷ்டம் வந்தால் யாரைத் தேடுவீர்கள். 'மறுபடி வந்து பார்க்கிறோம்' என்று வாக்குக் கொடுக்க மாணவர்களை அனுமதிக்காதீர்கள். பருவம் முடிந்தால் அவர்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள்.

11. வாரம் 11 முதல் 14 வரை: இரண்டாம் சுற்றும் மதிப்பீடும்

எட்டாம் வாரம் தொடங்கிய இரண்டாம் சுற்று பதினோராம் வாரத்தில் முடியும். ஒவ்வொருவரும் இரண்டு முறை பணியாளராக இருந்திருப்பார்கள். பன்னிரண்டாம் வாரம் பயிற்சிக் குழுக்களே தங்களை முடித்துக்கொள்ளட்டும், பத்தாம் வாரம் கற்றபடி. பதின்மூன்றாம் வாரம் ஒவ்வொரு இணைக்கும் 10 நிமிடப் பதிவு.

மதிப்பிட, முதல் சுற்றில் (வாரம் 4 முதல் 7 வரை) தான் பணியாளராக இருந்த பதிவையும் பதின்மூன்றாம் வாரப் பதிவையும் எடுத்து, இரண்டுக்கும் பேச்சு வரைபடத்தை மாணவரே போடட்டும். பணியாளரிடம் வந்துசேரும் அம்புகள் எத்தனை, உறுப்பினரிடமிருந்து உறுப்பினருக்குப் போகும் அம்புகள் எத்தனை? பிறகு தான் தலையிட்ட ஐந்து இடங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்தத் திறன், அதற்கு அடுத்து யார் பேசினார், மாற்றாக என்ன செய்திருக்கலாம் என்று இரண்டு பக்கத்துக்குள் எழுத வேண்டும்.

100 மதிப்பெண்ணில் 40 இந்தப் பகுப்பாய்வுக்கு, 30 களப் பதிவுகளுக்கு, 20 முன்தயாரிப்புக்கு, 10 மட்டும் நடிப்பில் காட்டிய திறமைக்கு. நடிப்புக்கு அதிகம் கொடுத்தால் இயல்பாகவே கலகலப்பானவர்கள் வாங்கிப் போவார்கள். தடுமாறிய இடத்தைத் தானே பிடித்து, அங்கே என்ன செய்திருக்க வேண்டும் என்று சரியாக எழுதும் கூச்ச சுபாவக்காரருக்கு அது அநியாயம்.